தரகும் அறமும்: இருவகை மௌனங்கள் பற்றிய ஒரு நோக்கு

சாதாரண மனிதன் ஒருவன் தன் வாழ்நாளிற் செய்யும் கொடுக்கல் வாங்கல்களுள் வீட்டோடு தொடர்புடையதே பெரியது. ஓர் ஆயுட்காலச் சேமிப்பு, சில வேளைகளில் மகளுக்கென ஒதுக்கிய சீதனம், ஒரே நாளிற் கைமாறிவிடுகிறது. இக்கொடுக்கல் வாங்கலின் நடுவே நிற்பவர் தரகர். அவர் விற்பவருமல்லர், வாங்குபவருமல்லர். எனினும் வாங்குபவர் அறியாத பலவற்றை அறிந்தவர் அவரே. அறிந்த ஒன்றைச் சொல்லாது விடுதல் குற்றமாகுமா என்பது தத்துவ உலகின் பழைய வினா. கொழும்பில், சிறப்பாக வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும், அது இன்றும் உயிருள்ள வினாவாகும்.

உரோம அறிஞர் சிசெரோ கி.மு. 44இல் தம் மகனுக்கென எழுதிய ‘கடமைகள் பற்றி’ என்னும் நூலில் வீடு விற்பவன் ஒருவனைக் கற்பனை செய்கிறார். அவ்வீடு நோய் தருவது, அறைகளிற் பாம்புகள் உலவுவது, மரங்கள் உக்கியது. இவை உடையவனுக்கு மட்டுமே தெரியும். அவன் வாய் திறவாது விற்கலாமா? ஸ்தோயிக்க மரபைச் சேர்ந்த இருவர் இதில் முரண்படுகின்றனர். சொல்லாதிருத்தல் வேறு, மறைத்தல் வேறு. பொய் சொல்லாதவரை விற்பவன்மீது பழியில்லை என்பது டயோஜெனிஸின் வாதம். அறியாமையால் ஒருவன் இழப்பில் விழுவதைப் பார்த்திருத்தல், வழி தவறியவனுக்கு வழி காட்டாமையினும் கொடியது என்பது அந்திப்பேட்டரின் வாதம். தன் இலாபத்தின்பொருட்டு, பிறன் அறியவேண்டியதை அவன் அறியாதிருக்க விரும்புதலே மறைத்தலாகும் எனச் சிசெரோ முடிவு கூறுகிறார்.

இது வெறும் ஏட்டு வாதமன்று. உரோமின் சீலியன் குன்றில் இருந்த வீடொன்றின் உயரமான பகுதிகள் நிமித்தம் பார்ப்போரின் பார்வையை மறைத்தமையால், அவற்றை இடிக்குமாறு உடையவனுக்கு ஆணை பிறந்தது. அவன் ஆணையை மறைத்து வீட்டை விற்றான். வாங்கியவன்மீதும் அதே ஆணை பாய, அவன் இடித்தான், பின்னர் வழக்கிட்டான். அறிந்திருந்தும் சொல்லாது விற்றவன் இழப்பை ஈடுசெய்ய வேண்டுமென நடுவராய் இருந்த மார்க்கஸ் கேட்டோ தீர்ப்பளித்தார். இலங்கையின் பொதுச் சட்டம் உரோம-டச்சுச் சட்டமாதலின், விற்கப்படும் பொருளின் மறைந்த குறைகளுக்கு விற்பவன் பொறுப்பாதல் வேண்டுமென்னும் கொள்கை இம்மண்ணுக்கும் புதியதன்று.

எனின் தரகரின் நிலை யாது? விற்பவன் தன் பொருளை விற்கிறான். அவனுக்குத் தன்னலம் உண்டென்பது வாங்குவோன் அறிந்ததே. தரகர் விற்பதோ பொருளையன்று. தம் அறிவையும் தம்மீதுள்ள நம்பிக்கையையும் விற்கிறார். அறிவுக்குக் கூலி பெற்றவர், கூலி தந்தவரிடமிருந்து அவ்வறிவையே மறைத்தல் தம் தொழிலையே மறுத்தலாகும். இரு பக்கத்திலும் தரகுப்பணம் பெறுமிடத்து இக்கடமை இரட்டிக்கிறது. திருவள்ளுவர் நடுவுநிலைமை பற்றிய அதிகாரத்தை வணிகரோடு முடித்து, பிறர் பொருளையும் தம் பொருள்போற் பேணுமாறு கூறியமை ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. நடுவில் நிற்பவனுக்கே நடுவுநிலைமை முதற்கண் உரியது.

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீட்டை வாங்குவோர் அறியவேண்டியன பல. கட்டடம் அனுமதிக்கப்பட்ட வரைபடத்தின்படி அமைந்ததென மாநகரசபை இணக்கச் சான்றிதழ் வழங்கியதா? 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உடைமைச் சட்டத்தின்படி வீடுகளைப் பிரித்துக் காட்டும் வரைபடம் பதியப்பட்டதா? ஆதனம் வங்கிக்கு ஈடு வைக்கப்பட்டுள்ளதா? தெருவில் நின்று கட்டடத்தை அண்ணாந்து பார்ப்பவருக்கு இவற்றுள் ஒன்றும் புலப்படாது. வாங்குபவர் தொரன்டோவிலோ இலண்டனிலோ இருந்து, முற்பணத்தை உறவினர் கையிற் கொடுத்தனுப்புபவராயின் அவர் முற்றாகவே தரகரின் சொல்லைச் சார்ந்திருக்கிறார்.

சட்டம் இக்கொடுக்கல் வாங்கலின் இறுதிக் கட்டத்தைக் கவனமாகக் காவல் செய்கிறது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, நொத்தாரிசு முன்னிலையிலும் இரு சாட்சிகள் முன்னிலையிலும் ஒப்பமிடப்படாத காணி விற்பனை செல்லாது. நொத்தாரிசு பயிற்சி பெற்று, ஆணைப்பத்திரம் பெற்று, உறுதிகளின் இணைப்பிரதிகளை மாதந்தோறும் பதிவாளருக்கு அனுப்புபவர். ஆனால் வாங்குபவரின் மனம் நொத்தாரிசின் மேசையில் முடிவு செய்யப்படுவதில்லை. பல வாரங்களுக்கு முன், தரகரோடு மாடிப்படி ஏறும்போதே முடிவாகிவிடுகிறது. அக்கட்டத்தில் தரகரிடம் நொத்தாரிசுக்குரிய பயிற்சியோ பதிவேடோ வேண்டப்படுவதில்லை. வாசல் திறந்திருக்க, உள்ளறைக்கு மட்டும் பூட்டிட்டமை போன்றதே இது.

முறையிட இடமே இல்லையென்று கூறுவதும் பொருந்தாது. ஏமாற்றுக்குப் பொலிஸ் நிலையம் உண்டு. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மத்தியஸ்த சபைகள் உண்டு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை உண்டு. மாவட்ட நீதிமன்றம் உண்டு. ஆயின் இவையனைத்தும் எழுத்தையும் சான்றையும் வேண்டுவன. தரகுத் தொழிலோ பெரும்பாலும் வாய்ச்சொல்லில் நடப்பது. பற்றுச்சீட்டில்லாது கைமாறிய பணத்துக்குச் சாட்சி, கொடுத்தவரும் வாங்கியவருமே.

இங்குதான் இரண்டாவது மௌனம் தோன்றுகிறது. அது முறையிட வேண்டியவரின் மௌனம். போர்க்காலத்தில் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் கொழும்புக்கு வந்தோருக்கு வீடு கொடுக்க அஞ்சிய உரிமையாளர் பலர். பிறந்த இடத்தைக் காட்டும் அடையாள அட்டையே தடையாயிற்று. அந்நிலையில் ஓர் அறையைத் தேடித்தந்த தரகர் மெய்யாகவே உதவியாளராய் நின்றார். அவர் மிகையாகக் கேட்டதை எவரிடம் சொல்வது? பொலிஸ் நிலையம் முறையிடும் இடமாயன்றிப் பதிவுக்கும் விசாரணைக்கும் அஞ்சிச் செல்லும் இடமாயிருந்தது. 2007 யூன் 7ஆம் நாள் கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை, புறக்கோட்டை விடுதிகளிலிருந்து 300க்கும் மேற்பட்ட தமிழர் பேருந்துகளில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டனர். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையத்தின் மனுவின்மேல் மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. உரிமையை நீதிமன்றம் காத்தது உண்மை. ஆயினும் ஓர் இரவிற் படுக்கையிலிருந்து எழுப்பப்படக்கூடிய ஒருவர், ஒரு மாத வாடகைக்குச் சமமான தரகுப்பணத்துக்காக வழக்கிடுவார் என எதிர்பார்த்தல் எங்ஙனம் தகும்? முறைப்பாடுகள் இல்லாமை அநீதி இல்லாமைக்குச் சான்றாகாது.

பிற நாடுகள் முதல் மௌனத்தைக் கலைக்க முயன்றுள்ளன. இங்கிலாந்து 1979ஆம் ஆண்டுச் சட்டத்தால் தகுதியற்றவரைத் தொழிலிலிருந்து விலக்க வழிசெய்தது. முன்கூட்டிய உரிமப்பத்திரத்தை அது வேண்டவில்லை. தவறு நடந்தபின் விலக்கும் முறை இது. இந்தியாவின 2016ஆம் ஆண்டுச் சட்டம், பதிவுக்குரிய கட்டடத் திட்டங்களில் விற்பனைக்கு உதவும் முகவர் தாமும் பதிவு பெற வேண்டுமென விதித்தது. சாதாரண வாடகைத் தரகு அதன் எல்லைக்கு வெளியே நின்றது. சிங்கப்பூர் 2010இல் தனிச் சபையொன்றை நிறுவி, தேர்வு, பொதுப் பதிவேடு, ஒழுக்காற்று விசாரணை ஆகியவற்றை ஏற்படுத்தியது. ஒரே கொடுக்கல் வாங்கலில் ஒரே முகவர் இரு பக்கத்துக்கும் நிற்பதையும் தடுத்தது.

இவற்றைக் கண்டு, உரிமப்பத்திரமே மருந்தெனக் கொள்ளுதல் அவசர முடிவாகும். நேர்மையாக உழைக்கும் முதிய தரகர் பலர் தேர்வெழுதும் வாய்ப்பற்றவர். விதிகள் பெருகின், பெரிய நிறுவனங்கள் நிலைக்க, அவர்கள் மட்டும் அகற்றப்படலாம். ஆதலின் ஒழுங்குமுறையை அளக்கும் கோல் வேறாதல் வேண்டும். துணிவும் வசதியும் படைத்தவர் எவ்விடத்தும் நீதி பெறுவர். அவை இல்லாதவரும் எளிதில் முறையிடக்கூடியதாய் இருப்பதே நல்ல முறை. எவரும் பார்க்கத்தக்க பெயர்ப் பதிவேடு. யார் சார்பில் நிற்கிறார், யாரிடம் எவ்வளவு பெறுகிறார் என எழுதிய ஒரு தாள். பெற்ற பணத்துக்குப் பற்றுச்சீட்டு. பொலிசுக்குச் செல்லாது, தமிழிலேயே முறையிடத்தக்க ஓரிடம். இவை பெருஞ்செலவு வேண்டாதவை. நேர்மையான தரகருக்கு இவற்றால் இழப்புமில்லை. வீண்பழியிலிருந்து அவரைக் காப்பதும் அத்தாளே.

கேட்டோவின் தீர்ப்பு இயன்றது, வீட்டை வாங்கியவன் வழக்காட வல்லவனாய் இருந்தமையால். அவன் ஓர் அகதியாய் இருந்திருப்பின் அத்தீர்ப்பும் இல்லை; அதைச் சொல்லும் நூற்பகுதியும் இல்லை. அறிந்தவர் பேசவேண்டும் என்பது அறத்தின் ஒரு பாதி. அஞ்சியவரும் பேச இயலவேண்டும் என்பது மறு பாதி. முதற்பாதியைத் தரகரின் மனச்சாட்சியிடம் ஓரளவு விட்டுவிடலாம். இரண்டாவது பாதி சமூகம் முழுவதன் பொறுப்பாகும்.