என் இரைப்பைக்கு யார் கையெழுத்து?

ஓலான்சபின் மாத்திரையை முதன்முதலில் விழுங்கியபோது என் எடை 58 கிலோ. இப்போது 103. இடையில் 13 வருஷங்களும், மூன்று மனநல மருத்துவர்களும், ஒரு நிச்சயதார்த்தமும் போய்விட்டன. எனக்கு பைபோலார் இருப்பது வீட்டில் நான்கு பேருக்குத் தெரியும். நான் குண்டாக இருப்பது பாளையங்கோட்டை முழுக்கத் தெரியும். கல்யாணப் பந்தியில் பெரியத்தை பக்கத்தில் உட்கார்ந்தால், "ஏட்டி, கொஞ்சம் வாயக் கட்டக் கூடாதா?" என்பாள். மாத்திரையால் வந்தது அத்தை என்று சொல்ல முடியாது. என்ன மாத்திரை என்று கேட்பாள். ஆகவே தீனிப்பண்டாரம் என்ற பெயரை வாங்கிக்கொண்டு பைத்தியக்காரி என்ற பெயரிலிருந்து தப்பித்து வருகிறேன். லாபமான வியாபாரம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

மாத்திரையைத் திட்டவும் எனக்கு மனம் வராது. அதற்கு முன்பு ஒரு மேனியாவில் அம்மாவின் இரண்டு வளையல்களை விற்று, ஒரே வாரத்தில் 40 புடவை எடுத்தவள் நான். நான்கு ராத்திரி தூங்காமல் இருந்துவிட்டு, ஐந்தாம் நாள் உலகத்தையே திருத்தக் கிளம்பியவள். அதன் பின்னால் வந்த சோர்வில் தலைவாரிக்கொள்ளக்கூட ஆறு வாரம் ஆனது. லித்தியமும் ஓலான்சபினும் சேர்ந்துதான் என்னைத் திரும்பக் கொண்டுவந்தன. கூடவே ஒரு பசியையும் கொண்டுவந்தன. ராத்திரி 11 மணிக்கு அடுப்படியில் நின்று குழம்புச் சட்டியை வழித்துத் தின்ற பசி அது. சாப்பிட்டு முடித்தும் முடியாத பசி. மன உறுதி இல்லாதவள் என்று நானே என்னைத் திட்டிக்கொண்ட வருஷங்களுக்கு யாரிடம் கணக்குக் கேட்பது?

இந்த வருஷத் தொடக்கத்தில் முழங்கால் வீங்கியது, சர்க்கரை எல்லையைத் தொட்டது. பி.எம்.ஐ. 41 என்று எழுதி ஓர் அறுவை மருத்துவரிடம் அனுப்பினார்கள். (பி.எம்.ஐ. கணக்கு 1830களில் பெல்ஜியத்து வானியல் அறிஞர் அடால்ப் கெட்லே 'சராசரி மனிதனை'த் தேடிப் போட்டது. திருநெல்வேலிப் பெண் ஒருத்தியை எடைபோட அது வரும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.) அவர் படம் வரைந்து காட்டினார். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு குழாய் மாதிரி தைத்துவிடுவார்கள். வெட்டியதைத் திரும்ப வைக்க முடியாது.

எனக்கு வேறொன்றும் இருக்கிறது. லித்தியம் ஓர் உப்பு. சிறுநீரகம் சோடியத்தைப் போலவே அதையும் கையாளும். உடம்பில் நீரும் உப்பும் குறைந்தால் லித்தியத்தை வெளியேற்றாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். அறுவைக்குப் பிறகு முதல் வாரங்களில் தண்ணீரைக்கூட மடக்கு மடக்காகத்தான் குடிக்க முடியும். அப்போது ரத்தத்தில் லித்தியம் ஏறி விஷமாகலாம்: கை நடுக்கம், வயிற்றுப்போக்கு, தடுமாற்றம், பிறகு உயிருக்கே ஆபத்து. மருந்தை நிறுத்தினால் பழைய ராத்திரிகள் திரும்பும். அறுவைக்குப் பின் சிலரிடம் தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வது கூடுவதாகவும் ஆய்வுகள் இருக்கின்றன. நோய் கட்டுக்குள் இருக்கும் பைபோலார்காரர்களுக்கு இந்த அறுவை கூடாது என்று விதி எதுவும் இல்லை. அடிக்கடி ரத்தம் பார்க்க வேண்டும், இரண்டு மருத்துவர்களும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள வேண்டும். நம் ஊரில் இந்த இரண்டாவதுதான் கஷ்டம்.

இதெல்லாம் மருத்துவம். கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். என்னைத் தூங்கவிடாதது வேறு கேள்வி.

அறுவைக்கு முன் ஓர் உளவியலாளரைப் பார்க்கச் சொன்னார்கள். அவர் என்னைப் பார்த்து, "கூட யார் வந்திருக்காங்க?" என்று கேட்டார். தம்பி உள்ளே வந்தான். அதற்குப் பிறகு கேள்விகள் எல்லாம் அவனுக்குத்தான். "அக்கா இதை எப்ப முடிவு பண்ணாங்க? அப்ப நல்லாத் தூங்குனாங்களா?" அவன் யோசித்து யோசித்துப் பதில் சொன்னான். நான் உற்சாகமாகச் சம்மதித்தால் மேனியா. தயங்கினால் சோர்வு. சலனமே இல்லாமல் பேசினால் மருந்து மழுங்கடித்துவிட்டது. எந்தக் குரலில் சொன்னால் அது என் குரல் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காம் பிரிவு, ஒருவருடைய முடிவு மற்றவர்களுக்குத் தவறாகப் படுகிறது என்பதாலேயே அவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்றாகாது என்கிறது. அழகான வாசகம். ஆனால் அது மனநல சிகிச்சை பற்றிய முடிவுகளுக்கானது. இரைப்பை அந்தச் சட்டத்தில் வராது.

அதே சமயம், அவர்களுடைய சந்தேகம் முழுக்க அநியாயம் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. 40 புடவைகளையும் நான்தான் வாங்கினேன். அன்றைக்கு அதைவிடத் தெளிவான முடிவை என் வாழ்க்கையில் எடுத்ததில்லை என்று தோன்றியது. ஆகவே என் மனநல மருத்துவரும் நானும் ஓர் ஏற்பாடு செய்தோம். ஆறு மாதம், ஒவ்வொரு மாதமும் முதல் தேதி, எந்த நிலையில் இருந்தாலும், நோட்டில் 'வேண்டும்', 'வேண்டாம்' என்று எழுதுவது. நான்கு மாதம் வேண்டும், ஒரு மாதம் வேண்டாம், ஒரு மாதம் எழுதவே மறந்துவிட்டேன்.

தம்பி போன வருஷம் தலையில் முடி நட்டுக்கொண்டான். ஒரே ராத்திரியில் முடிவெடுத்தான். யாரும் அவனை நோட்டில் எழுதச் சொல்லவில்லை. முடியும் இரைப்பையும் ஒன்றல்ல, ஒத்துக்கொள்கிறேன்.

நான்கு முறை 'வேண்டும்' என்று வந்தால் அது என் உண்மையான விருப்பம் என்றாகிவிடுமா? முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஏறினாலும் இறங்கினாலும் மாறாமல் நிற்பது எதுவோ அதுதான் நான். பிறகு ஒரு சந்தேகம் வந்தது. ஏறும்போதும் இறங்கும்போதும் மாறாமல் என் காதில் இருப்பது பெரியத்தையின் குரலும்தானே? ஊருக்கு மனநிலை மாறுவதே இல்லை. 14 வயதில் "ஒல்லியா இருந்தாத்தான் லட்சணம்" என்று ஆரம்பித்த குரல் ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை. மாறாமல் இருப்பதை வைத்து எனது என்று நிரூபிக்கப் போனால், ஊருடையதைத்தான் எனதென்று நிரூபிப்பேன்.

இதை ஒரு தோழியிடம் சொன்னபோது அவள், "அப்ப விட்டுரு. உன் உடம்பை அப்படியே கொண்டாடு" என்றாள். அவளும் நல்லதற்குத்தான் சொன்னாள். ஆனால் எதைக் கொண்டாடச் சொல்கிறாள்? 58 கிலோவும் நான், 103 கிலோவும் நான். பின்னதில் மாத்திரைக் கம்பெனிக்கும் பங்குண்டு. அப்போது காரைக்கால் அம்மையாரை நினைத்துக்கொண்டேன். பெரியபுராணத்தில், கணவனே தன் காலில் விழுந்த பிறகு, அவனுக்காகத் தாங்கிய இந்தத் தசையைக் கழித்துப் பேயுருவம் கொடு என்று இறைவனிடம் கேட்கிறார். அவர் சதையை விட்டது சந்தையை விட்டுப் போவதற்கு. சதையைக் குறை என்று எனக்குச் சொல்கிறவர்கள் சந்தைக்குள் வரச் சொல்கிறார்கள். "ஆபரேசன் முடிஞ்சா ரெண்டாம் கல்யாணத்துக்குக் கேட்டு வர்றவங்களுக்காவது காட்டலாம்" என்று அம்மா ஒருநாள் வாய்விட்டே சொன்னாள். அன்றைக்கு நோட்டில் எழுதியதுதான் அந்த ஒரு 'வேண்டாம்'.

மற்ற நான்கையும் திருப்பிப் பார்த்தேன். பக்கத்தில் காரணமும் எழுதியிருந்தேன். முழங்கால். சர்க்கரை. ரவிக்கை. மூன்று இடத்தில் தூக்கம். எனக்கு உறக்கத்தில் மூச்சு தடைப்படுகிறது. ஒரு ராத்திரியில் பல தடவை விழிக்கிறேன். தூக்கம் கெட்டால் மேனியா கதவைத் தட்டும் என்பது எனக்கு மனப்பாடம். எடை குறைந்தால் பலருக்கு இந்த மூச்சுத் தடை குறைகிறது. இந்தக் காரணத்தைப் பெரியத்தை ஒருநாளும் சொன்னதில்லை. அம்மாவும் சொன்னதில்லை. என் ராத்திரிகள் அவர்களுக்குத் தெரியாது. ரவிக்கை ஊருடையதாக இருக்கலாம், தூக்கம் என்னுடையது. இரண்டும் ஒரே பக்கத்தில், ஒரே மையில்தான் இருக்கின்றன. ரவிக்கையை அடித்துவிட்டு நான் சுத்தமான பெண்ணியவாதி என்று காட்டிக்கொள்ளவும் விருப்பமில்லை. விட்டுவைத்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரி படிவத்தை வீட்டுக்கு எடுத்து வந்தேன். கடைசிப் பக்கத்தில் 'உறவினர் / பொறுப்பாளர்' என்று ஓர் இடம். தம்பி பேனாவை எடுத்தே விட்டான். நான் படிவத்தை வாங்கி உள்ளே வைத்தேன். கொண்டாடு என்று சொன்னாளே, அவளிடம்தான் கேட்டிருக்கிறேன். அவளுக்கு இந்த அறுவையில் சம்மதமில்லை. ஆனால் கை நடுங்கினால், பேச்சு குழறினால், நான் சொல்வதற்கு முன்பே கண்டுபிடிப்பவள் அவள் ஒருத்திதான். "யோசிச்சுச் சொல்றேன்" என்றாள். ஆஸ்பத்திரியில் தோழியின் கையெழுத்தை ஏற்பார்களா என்பதை இனிமேல்தான் கேட்க வேண்டும். தம்பியிடமும் இன்னும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை லித்தியம் அளவு பார்க்கிறார்கள். கடைசி மாத்திரைக்கும் ரத்தம் எடுப்பதற்கும் நடுவே 12 மணி நேரம் வேண்டும். புதன் ராத்திரி 9 மணிக்குப் போட்டுவிட்டுப் படுத்தால் சரியாக இருக்கும்.