கேள்வியும் ஒரு தவமே

அறவுரை கேட்பது நம் சமயத்தார்க்குப் புதிதன்று. சமவசரணத்தில் எழுந்த திவ்யத்தொனி முதல் ஊர் ஜினாலய மண்டபத்தில் பண்டிதர் விரித்துரைக்கும் புராணம் வரை, அறம் செவி வழியாகவே நம்மை வந்தடைந்துள்ளது. ஆயினும் அண்மைக் காலமாக ஒரு குரல் அடிக்கடி எழுகின்றது. "உரை மிகச் சிறப்பாக இருந்தது, ஆனால் ஒன்றும் விளங்கவில்லை. இன்னும் எளிமையாகச் சொல்லக் கூடாதா?" என்பதே அக்குரல். ஜவ்வாது மலையடிவாரத்துச் சந்தவாசலிலிருந்து இதனை எழுதுகிறோம். போளூர், ஆரணி, வந்தவாசி வட்டாரங்களில் நம்மவர் கூடும் இடங்களில் எல்லாம் இக்குரலைக் கேட்டு வருகிறோம். இது நியாயமான வேண்டுகோளா, அன்றி நம்மை நாமே குறைத்துக் கொள்ளும் வேண்டுகோளா? இதனையே ஈண்டு ஆராய முற்படுகிறோம்.

எளிமையின் பக்கம் உள்ள நியாயத்தை முதலில் சொல்லிவிடுதல் முறையாகும். நம் முன்னோர் எளிமையை வெறுத்தவர் அல்லர். கற்றோர்க்கு மட்டுமே உரிய மொழியில் அறத்தைப் பூட்டி வைக்காமல், மக்கள் பேசிய பிராகிருதத்தில் வழங்கிய மரபு நம்முடையது. தமிழகத்துச் சமணச் சான்றோர் நாலடியாரையும் அறநெறிச்சாரத்தையும் இல்லறத்தார் மனத்தில் பதியுமாறு பாடிவைத்தனர். ஸ்ரீபுராணமோ வீடுதோறும் படிக்கத்தக்க உரைநடையில் தீர்த்தங்கரர் வரலாற்றை எடுத்துரைக்கின்றது. எளிமை அறத்தின் நுழைவாயில் என்பதில் ஐயமில்லை.

ஆனால், வாயிலிலேயே நின்றுவிடுவோர் வீட்டினுள் உள்ளதைக் காண்பதில்லை. ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் நாம் கற்ற முதற்பாடங்களுள் ஒன்று, எளியதிலிருந்து அரியதற்கும், தெரிந்ததிலிருந்து தெரியாததற்கும் மாணவனை அழைத்துச் செல்ல வேண்டும் என்பது. எளியதில் தொடங்கு என்றுதான் அவ்விதி கூறிற்று. எளியதிலேயே நில் என்று கூறவில்லை. ஐந்தாம் வகுப்புக் கணக்கையே பத்தாம் வகுப்பிலும் போட்டுக் காட்டும் ஆசிரியரை எந்தப் பெற்றோராவது அன்புடையவர் என்று பாராட்டுவாரா? தம் குழந்தையின் அறிவை அவர் மதிக்கவில்லை என்றே வருந்துவர். சமய உரையிலும் இதுவே உண்மை. கேட்போரை மதிக்கும் உரையாளர் அவரிடம் சிறிது உழைப்பை எதிர்பார்க்கிறார். அந்த எதிர்பார்ப்பே அவர் நமக்குச் செய்யும் மரியாதை.

அரிய உரை ஏன் இன்றியமையாதது என்பதற்கு நம் வாழ்க்கையிலிருந்தே ஒரு சான்று காட்டலாம். தமிழ்ச் சமணருள் பெரும்பாலோர் வழிவழியாக உழவுத் தொழில் செய்து வருபவர். "உயிர்க்கொலை பாவம்" என்பது எளிய அறம், குழந்தைக்கும் விளங்கும். ஆனால், கலப்பை மண்ணைப் புரட்டும்போது புழுவும் பூச்சியும் மடிகின்றனவே, அவ்வுழவர் கொலைஞரா? எளிய வாசகம் இவ்விடத்தில் வாய் மூடிவிடும். கேட்ட உழவர் ஒன்று, தம் தொழிலே பாவம் என்று மனம் உடைவார். அல்லது, இவ்வறம் நமக்கு ஏலாது என்று கைவிடுவார். இங்குத்தான் நம் ஆகமங்களின் நுண்மை துணைக்கு வருகின்றது. கொல்லும் கருத்தோடு செய்யும் சங்கல்ப ஹிம்சை வேறு. சமைத்தல், பெருக்குதல் போன்ற இல்வாழ்க்கைச் செயல்களில் நேரும் ஆரம்ப ஹிம்சை வேறு. தொழிலில் நேரும் உத்தியோக ஹிம்சை வேறு. தற்காப்பில் நேரும் விரோத ஹிம்சை வேறு. முதலாவதை இல்லறத்தார் முற்றாக விடுதல் வேண்டும். ஏனையவற்றை விழிப்போடும் இரக்கத்தோடும் இயன்ற அளவு குறைத்தல் வேண்டும். இவ்வளவும் கேட்டு உணர ஒரு மாலைப் பொழுது பிடிக்கலாம்; தலை சற்றே வலிக்கவும் கூடும். ஆனால் அவ்வுழவர் நிமிர்ந்த நெஞ்சோடும் கூர்ந்த கண்ணோடும் வயலுக்குத் திரும்புவார்.

இதற்கு ஆழ்ந்த காரணம் ஒன்றுண்டு. பொருள்கள் பல தன்மை உடையன என்பது நம் அநேகாந்தக் கொள்கை. ஒரு பொருளை ஒரு நோக்கில் மட்டும் கூறுவது ஒரு நயம். அந்நயத்தையே முழு உண்மை என்று கொள்வது ஏகாந்தம் என்னும் பிழை. எல்லாவற்றையும் ஒரே வரியில் சொல்லிவிட வேண்டும் என்னும் ஆசை, நம்மை அறியாமலே அப்பிழைக்குள் நம்மைக் கொண்டு சேர்க்கும். பல பக்கங்களை உடைய உண்மையைச் சொல்லும் உரையும் சிறிது கடினமாகவே இருக்கும்.

மகாவீரர் வரலாற்றில் வரும் செய்தி ஒன்றை ஈண்டு நினைவு கூர்வோம். பெருமான் கேவல ஞானம் எய்திய பின்னும் 66 நாட்கள் திவ்யத்தொனி எழவில்லை என்று நம் திகம்பர மரபு கூறுகின்றது. அவ்வுரையைத் தாங்கத் தகுந்த கணதரர் அவையில் இல்லை என்பதே காரணம். இந்திரன் முதிய அந்தணர் வடிவம் கொண்டு, வேதம் வல்ல இந்திரபூதி கௌதமரிடம் சென்று ஒரு சுலோகத்திற்குப் பொருள் கேட்டான். முக்காலமும் ஆறு திரவியங்களும் ஒன்பது பதார்த்தங்களும் அடங்கிய அச்சுலோகத்தின் பொருள் அப்பேரறிஞருக்கு விளங்கவில்லை. பொருள் தேடிப் புறப்பட்டவர், மானஸ்தம்பத்தைக் கண்ட அளவில் செருக்கு நீங்கி, முதற் கணதரர் ஆனார். இராஜகிருகத்து விபுலாசலத்தில் திவ்யத்தொனி முழங்கியது. விளங்காத சுலோகம் ஒன்று கௌதமரை விரட்டிவிடவில்லை. அதுவே அவரை அருகன் திருவடிக்கு அழைத்து வந்தது. "விளங்கவில்லை" என்னும் சொல்லோடு அவர் வீட்டில் அமர்ந்துவிட்டிருந்தால்?

தமிழகத்துச் சமணரும் அத்தகைய செவி படைத்தவராகவே வாழ்ந்துள்ளனர். முனிச்சந்திரரை அச்சுறுத்த வந்த நீலி, அவரிடம் அறவுரை கேட்டு மனம் மாறிப் பின்னர்ப் பல சமயத்தாரோடு வாதிடுவதே நீலகேசியின் கதை. அதன் பத்துச் சருக்கங்களில் பெரும்பகுதி பௌத்தம், ஆசீவகம், சாங்கியம், வைசேடிகம், வேதம், பூதவாதம் எனத் தருக்கமே நிரம்பியது. வாமன முனிவர் அதற்குச் சமய திவாகரம் என்னும் விரிவுரை கண்டார். இவ்வளவு கடினமான நூலைக் கேட்பார் இல்லாமல் யார் இயற்றியிருப்பர்? யார் உரை எழுதியிருப்பர்?

பிற்காலத்திலும் இம்மரபு அற்றுப்போகவில்லை. உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை ஆராயத் தொடங்கிய காலத்தில், ஐயங்களைத் தீர்த்துக்கொள்ளக் கும்பகோணத்துச் சமணர் இல்லங்களை நாடினார். அங்கே வீடூர் அப்பாசாமி நயினாரைக் கொண்டு சிந்தாமணியை மாதக்கணக்கில் படிக்கச் செய்து கேட்டுவந்தனர் இல்லறத்தார். சந்திரநாத செட்டியார் போன்றோரிடம் ஐயர் கேட்டறிந்த விளக்கங்கள், 1887ஆம் ஆண்டு அந்நூல் அச்சேறுவதற்குப் பெருந்துணை ஆயின. அவ்வில்லறத்தார் பொறுமையோடு கேட்ட கேள்வி, தம் குடும்பத்திற்கு மட்டுமன்றித் தமிழுலகம் முழுமைக்குமே பயன்பட்டது. அதன்பின் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1936இல் நீலகேசியை உரையோடு பதிப்பித்தார். குந்தகுந்தாசாரியரின் பஞ்சாஸ்திகாயத்தையும் சமயசாரத்தையும் ஆங்கிலத்தில் தந்தார்.

இவ்வேட்கை நமக்கு மட்டும் உரியதன்று. மோர்மன் சமயத்தார் என்று பலராலும் அழைக்கப்படும் கிறிஸ்தவப் பிரிவினர், ஆண்டுதோறும் ஏப்ரலிலும் அக்டோபரிலும் அமெரிக்காவின் சால்ட் லேக் நகரில் மாநாடு கூட்டி உரை கேட்கின்றனர். அவர்தம் ஞாயிறு வழிபாட்டில் ஊதியம் பெறும் குருமார் இல்லை. சபையைச் சேர்ந்த ஆண்களும் பெண்களுமே முறைவைத்துப் பேசுகின்றனர். அச்சபையின் தலைவர்களுள் ஒருவராக விளங்கிய நீல் மாக்ஸ்வெல் (1926–2004) சொல்லழகும் பொருட்செறிவும் மிக்க உரைகளுக்குப் பெயர் பெற்றவர். அவர் உரைகள் ஒருமுறை கேட்டு முடித்துவிடத் தக்கவை அல்ல. பின்னர் அச்சில் வரும்போது மீண்டும் படித்துச் சிந்திக்க வேண்டியவை. கொள்கையில் நமக்கும் அவர்க்கும் வேறுபாடு பெரிது. ஆனால், எளிய இல்லறத்தாரும் அரிய உரையைத் தாங்குவர் என்னும் நம்பிக்கை நாம் மதிக்கத்தக்கது.

இங்கு இரண்டு எச்சரிக்கைகளும் தேவை. முதலாவது, கடினமானவை எல்லாம் ஆழமானவை அல்ல. தெளிவில்லாத சிந்தனையைப் பெருஞ்சொற்களால் போர்த்துக் காட்டுவோரும் உண்டு. முயன்று கேட்டபின் பொருள் துலங்குமாயின் அது ஆழம். எத்துணை முயன்றும் சொல்லே மிஞ்சுமாயின் அது ஆரவாரம். இரண்டாவது, செவியும் ஐம்புலன்களுள் ஒன்று. சொல்லழகில் மயங்கி, "என்ன அருமையான பேச்சு!" என்று வியந்து வீடு திரும்புதல், இனிய இசை கேட்டு மகிழ்வதினும் உயர்ந்ததன்று. அப்புகழ்ச்சியால் உரையாளர்க்குச் செருக்கும் நமக்குப் புலனின்பமும் விளையுமேயன்றி, வினை ஒன்றும் உதிராது.

அவ்வாறாயின் எப்படிக் கேட்பது? உமாஸ்வாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் வழி காட்டியுள்ளார். அகத்தவம் ஆறனுள் ஒன்றாகிய ஸ்வாத்தியாயம் ஐந்து உறுப்புடையது. பிழையறப் படித்தல், ஐயம் கேட்டல், மனத்துள் சிந்தித்தல், மீள மீள ஓதுதல், அறம் உரைத்தல் என்பன அவை. உரைத்தல் இறுதியிலும், வினாவுதல் இரண்டாவதாகவும் வைக்கப்பட்டுள்ள முறையை எண்ணிப் பாருங்கள். தமிழிலும் கேள்வி என்னும் ஒரே சொல் செவியால் கேட்பதற்கும் வாயால் வினாவுவதற்கும் பொதுவாக நிற்கின்றது. வினா எழாத செவி பாதியே கேட்டது என்று நம் மொழியே உணர்த்துகின்றது போலும்!

இதில் நாம் இழக்கக்கூடியது சிறிதன்று. நம் பிள்ளைகள் பொறியியலும் மருத்துவமும் கணினியும் பயில்கின்றனர். கல்லூரியில் மிகக் கடினமான பாடங்களை இரவெல்லாம் விழித்துக் கற்கின்றனர். அவர்கள் விடுமுறைக்கு ஊர் வரும்போது ஜினாலயத்தில் குழந்தைக் கதை மட்டுமே சொல்லப்படுமாயின், "சமயம் என்பது குழந்தைப் பருவத்துக்கு உரியது" என்று முடிவு கட்டிவிடுவர். அவர்களைக் குறை கூறிப் பயனில்லை. அவர்தம் அறிவுக்கு ஈடான உணவை நாம் இடவில்லை.

எனவே, ஒவ்வோர் ஊரிலும் அட்டமி அல்லது சதுர்த்தசி நாளில் நீலகேசியிலோ சமயசாரத்திலோ ஒரு சிறு பகுதியையேனும் கூடிப் படிக்கலாம். உரை முடிந்ததும் வினாவுக்கெனச் சிறிது நேரம் ஒதுக்கலாம். முதல் வினாவை இளைஞரும் மகளிரும் கேட்க முதியோர் வழிவிடலாம். விளங்காத இடத்தைக் குறித்துவைத்து அடுத்த அமர்வில் தொடரலாம். உண்ணாநோன்பில் வயிற்றின் பசியைத் தாங்கப் பழகிய சமுதாயம் நம்முடையது. பொருள் விளங்காத சிறுபொழுதைத் தாங்குதல் அதனினும் அரிதன்று. கேட்பதையும் தவமாகக் கொண்டு கேட்போமாக.

அறம் வளர்க!