காயமில்லாத வலி

வீரசோழனில் நம் உறவினர் ஒருவர் வீட்டில் ஓர் இரவு தங்க நேர்ந்தது. அருப்புக்கோட்டையைத் தாண்டித் திருச்சுழிக்கு அப்பால் விரிந்து கிடக்கும் அந்த வறண்ட சீமையில், நீரற்ற கண்மாய்களும் சீமைக்கருவேலங் காடுகளுமே கண்ணுக்குத் துணை. இஷாத் தொழுகை முடிந்து ஊர் அடங்கிய பிறகு, எழுபதைக் கடந்த அப்பெரியவர் பாயை விட்டெழுந்தார். முற்றத்துச் சிமெண்டுத் தரையில் தண்ணீரைத் தெளித்து, அதன்மேல் இரு பாதங்களையும் ஊன்றி உட்கார்ந்துகொண்டார்.

"என்ன பெரியத்தா, தூக்கம் வரலையா?" என்று கேட்டோம்.

"ஒண்ணுமில்லத்தா. கால்ல நெருப்பள்ளிக் கொட்டுன மாதிரி இருக்கு. சொன்னா நம்புறதுக்குத்தான் ஆளில்ல."

பாதங்களைத் தொட்டுப் பார்த்தோம். சூடில்லை, வீக்கமில்லை, சிவப்புமில்லை. உண்மையைச் சொன்னால், நாமும் அரைமனத்தோடுதான் நம்பினோம். விடிந்தபின் நடந்ததே இக்கட்டுரையை எழுத வைத்தது. ஃபஜ்ருத் தொழுதுவிட்டு அவர் நடந்து வந்த தரையில் இரத்தத் துளிகள்! பேரன்தான் முதலில் கண்டான். வலது உள்ளங்காலில் கருவேல முள்ளொன்று ஒடிந்து புதைந்திருந்தது. அது எப்போது தைத்ததென்று அவருக்கே தெரியவில்லை. ஏதுமில்லாமல் இரவெல்லாம் எரிந்த அதே கால், மெய்யாகவே தைத்த முள்ளை அறியவில்லை!

இது என்ன விந்தை? நரம்பு நோயைப் பற்றிச் சிறிது அறிந்தால் விளங்கும். பெரியத்தா இருபதாண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளவர். இரத்தத்தில் சர்க்கரை நெடுங்காலம் மிகுந்திருந்தால் நரம்பிழைகளும் அவற்றுக்கு உணவூட்டும் நுண்ணிய குழாய்களும் பழுதடைகின்றன. உடலின் மிக நீண்ட நரம்புகள் பாதங்களுக்குச் செல்பவை. ஆதலால் கேடு கால்விரல் நுனியில் தொடங்கிக் காலுறை மாட்டினாற்போல் மேலேறுகிறது. பட்டுப்போன இழைகள் செய்தி சொல்வதில்லை, அது மரப்பு. பாதி பழுதான இழைகளோ காரணமின்றித் தாமாகவே செய்தி அனுப்புகின்றன. அதுவே எரிச்சல், ஊசிக்குத்து, மின்சாரம் பாய்ந்தாற்போன்ற வெட்டு. இரவில் அது மிகும். போர்வை உரசுவதும் சிலருக்குத் தாங்காது. பி12 வைட்டமின் குறைவு, மதுப்பழக்கம், காசநோய்க்கும் புற்றுநோய்க்கும் தரும் சில மருந்துகள் ஆகியவற்றாலும் இந்நோய் வருவதுண்டு. ஆயினும் சர்க்கரையே முதற்காரணம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து 2023இல் வெளியான ஆய்வின்படி, நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் சர்க்கரை நோயாளிகள். அவர்களில் எத்தனை பேர் இரவில் ஈரத்தரையைத் தேடுகிறார்களோ!

வலியின்மை எத்துணைக் கேடு என்பதை உலகுக்கு உணர்த்தியவர், நம் மண்ணில் பிறந்த ஓர் ஆங்கிலேயர். 1914இல் கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குப் பணியாற்ற வந்தார். தொழுநோயாளரின் விரல்கள் நோயினால் அழுகி உதிர்கின்றன என்றே அந்நாளில் பலரும் நம்பினர். அவர் கண்டதோ வேறு. நரம்பு செத்த கை, சுடுகலத்தையும் கூர்முனையையும் உணராமல் காயத்தின்மேல் காயம்பட்டுத் தேய்கிறது. உறக்கத்தில் எலி கடித்தும் அறியாதோர் இருந்தனர். அவர்களுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தார்களாம். பிற்காலத்தில் அமெரிக்காவில், உணர்வற்ற கைகளுக்காக எச்சரிக்கைக் கருவியொன்றைச் செய்ய முயன்று அவர் தோற்றார். ஒலி எழுப்பினால் நோயாளிகள் பொருட்படுத்தவில்லை. மின்னதிர்ச்சி கொடுத்தாலோ கருவியை நிறுத்திவிட்டுக் கைவேலையைத் தொடர்ந்தார்கள். நம் விருப்பப்படி நிறுத்த முடியாததாய் இருப்பதாலேயே வலி நம்மைக் காக்கிறது. யாரும் விரும்பாத நன்கொடை என்று வலியை அவர் அழைத்தார்.

அந்தச் சொல்லைப் பெரியத்தாவின் முன் சொல்ல நமக்கு நாவெழவில்லை. தீப்பிடித்தால் அடிக்க வேண்டிய மணி, தீயே இல்லாமல் இரவெல்லாம் அடிக்கிறது. மெய்யாகத் தீப்பிடித்தபோது மௌனமாயிருக்கிறது. இதை நன்கொடை என்று எப்படிச் சொல்வது? வலியைப் புகழ்வோர் யாவரும் வேலை செய்யும் வலியைப் புகழ்கிறார்கள். கெட்டுப்போன வலியோடு வாழ்பவருக்கு அப்புகழ்ச்சி உதவாது.

"காயமே இல்லையே, வலி எங்கிருந்து வரும்?" என்று கேட்போருக்கு இப்னு ஸீனா அன்றே விடை சொல்லியிருக்கிறார். உடலின் தொடர்ச்சி அறுபடுவதே வலிக்குக் காரணம் என்பது கிரேக்க மருத்துவர் காலெனின் கருத்து. 1037இல் மறைந்த இப்னு ஸீனாவோ, எதுவும் அறுபடாமலே உடலின் மிஸாஜ், அதாவது இயல்புக் கலவை, மாறினாலும் வலி பிறக்கும் என்று தம் 'அல்கானூன்' நூலில் எழுதினார். வலியை 15 வகையாகப் பிரித்தும் காட்டினார்.

அந்த வீட்டார் கொடியவர் அல்லர். "ஸப்ரு செய்யுங்க மாமா" என்று மருமகள் அன்போடுதான் சொல்கிறாள். வெளிநாட்டிலிருக்கும் மகன் தொலைபேசியில் உர்வா இப்னு ஸுபைர் அவர்களின் வரலாற்றை நினைவூட்டுகிறான். கால் அழுகி, அதை அறுத்தெடுத்தபோதும் கலங்காத அந்தப் பெருமகனாரின் பொறுமை உயர்ந்ததே, யார் மறுப்பர்? ஆனால் அது அவர் தாமே மேற்கொண்ட பொறுமை. வலியில்லாதவர் வலியுள்ளவரை நோக்கி அதை எடுத்துரைக்கும்போது பொருளே மாறிவிடுகிறது. "பேசாதிரு" என்பதற்கு மரியாதையான சொல்லாக ஸப்ரை ஆக்கிவிடுகிறோம்.

நோயைச் சொல்வது ஸப்ருக்கு மாறானதா? ஐயூப் நபி (அலை) தம் துன்பத்தை இறைவனிடம் முறையிட்டார்கள். அவர்களையே பொறுமையாளர் என்று குர்ஆன் போற்றுகிறது. "அது இறைவனிடம் சொன்னது, மனிதரிடம் சொல்லலாமா?" என்று கேட்கலாம். ஹதீஸ் தொகுத்த இமாம் புகாரீ (ரஹ்), நோயாளி தமக்கு வலிக்கிறது எனச் சொல்ல அனுமதியுண்டு என்பதற்கென்றே தனிப்பாடம் அமைத்து, ஐயூப் நபியின் முறையீட்டையும் அதன் தலைப்பிலேயே குறித்திருக்கிறார்கள். ஆயிஷா நாயகி (ரலி) தலைவலியால் வாய்விட்டரற்றியபோது, பெருமானார் (ஸல்) அவர்களைக் கண்டிக்கவில்லை; தமக்கும் தலை வலிப்பதாகவே சொன்னார்கள். காய்ச்சலில் கிடந்தபோது, இருவர் படும் வேதனையைத் தாம் படுவதாக இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களிடம் மறைக்காமல் சொன்னதும் அவர்களே. விதியை நொந்துகொள்வது வேறு. உள்ளதை உள்ளபடி உரைப்பது வேறு. காயமில்லாத வலிக்கு நோயாளியின் சொல்லைத் தவிர வேறு சாட்சி ஏது? அந்தச் சாட்சியைத் தள்ளிவிட்டால் மருத்துவருக்கும் வழியில்லை.

மருத்துவம் இல்லாமலும் இல்லை. சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது முதல் வேலை. கேடு மேலும் பரவாமல் அது தடுக்கும். கடையில் வாங்கும் சாதாரண வலி மாத்திரைகள் இந்த எரிச்சலைப் பெரிதும் தணிப்பதில்லை. அவற்றுள் சில, நாளாவட்டத்தில் சிறுநீரகத்தையும் கெடுக்கும். அமிட்ரிப்டிலின், டுலாக்ஸிடின், ப்ரீகாபாலின் போன்றவற்றை மருத்துவர் சிறு அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவார். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகலாம். மயக்கமும் தூக்கமும் வரக்கூடும். முதல் இரண்டும் மனச்சோர்வுக்கும் தரப்படுபவை என்பதால், "பைத்திய மாத்திரை கொடுத்துவிட்டார்கள்" என்று அஞ்சி நிறுத்துவோரை நாம் கண்டிருக்கிறோம். நரம்பு அனுப்பும் பொய்ச் செய்தியை அடக்கவே அவை தரப்படுகின்றன. மிளகாயின் காரச்சத்திலிருந்து செய்யும் களிம்பும் உண்டு. முதலில் எரித்து, நாட்பட நரம்பை அடங்கச் செய்யும். முண்டு மிளகாய் விளையும் சீமைக்கு இது புதுமையாகத் தோன்றாது. ஆனால் மிளகாயை அரைத்துப் பூசிவிடக் கூடாது!

காலைக் காப்பதற்கு நம்மிடம் ஒரு நல்ல வாய்ப்பு ஏற்கெனவே இருக்கிறது. நாளுக்கு ஐந்து முறை ஒளுவில் கால் கழுவுகிறோம். அப்போது அடிப்பாதத்தைப் பார்த்துவிடலாம். குனிய முடியாதவருக்கு ஒரு கண்ணாடி போதும். விரலிடுக்கில் ஈரம் தங்காமல் துடைக்க வேண்டும். வெந்நீரைக் கால் விட்டுப் பார்க்கக் கூடாது. முழங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். ளுஹர் வேளையில் கொதிக்கும் பள்ளிவாசல் முற்றத்தை மரத்த காலோடு வெறுங்காலில் கடப்பவர், கொப்புளத்தை மறுநாள்தான் காண்பார். நிற்க இயலாதவர் உட்கார்ந்து தொழலாம் என்பது நபிமொழி. நோன்பு வைப்பதா என்பதையும் ரமலானுக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுத் தீர்மானிப்பது நன்று. 2021இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை கொண்டுவரும் பணியாளரிடம், காலெரிச்சலையும் சேர்த்துச் சொல்லலாமே.

அன்று முள்ளை வீட்டில் ஊசியால் தோண்ட விடாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். திரும்பும் வழியில் பெரியத்தா கேட்டார்: "முள்ளுக் குத்தினாலும் பாவம் கழியும்னு ஹதீஸ் இருக்குல்ல. குத்துனதே தெரியாத முள்ளுக்கும் உண்டாத்தா?"

நமக்கு விடை தெரியவில்லை. ஆலிம்களிடம் கேட்கிறோம் என்றோம். இரவெல்லாம் எரிவதற்கு நிச்சயம் உண்டு என்று மட்டும் சொன்னோம். அவர் சிரித்தார். அன்று மஃக்ரிபுக்கு ஒளுச் செய்துவிட்டு வந்தவரைத் திண்ணையில் உட்கார வைத்து, பேரன் டார்ச் விளக்கோடு இரு பாதங்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.