பள்ளி போன பின்

பிள்ளைகள் போய்விட்ட பள்ளிக்கூடத்தை ஆட்டத்துக்கும் பாட்டுக்கும் விடலாமா? "சரஸ்வதி இருந்த இடமாயிற்றே!" என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். கூத்தும் பாட்டும் சரஸ்வதிக்கு அந்நியமா, என்ன?

சிங்கப்பூரில் 1867-ல் எழுந்த செயின்ட் ஜோசப் பள்ளிக் கட்டடம் 1996-ல் ஓவியக் காட்சிசாலையாயிற்று. ஆர்மீனியன் தெருவில் ஹொக்கியன் சீனர்கள் கட்டிய தாவ் நான் பள்ளி 1997-ல் அருங்காட்சியகமாயிற்று. ஆனால் அந்தப் பள்ளிகள் சாகவில்லை. முன்னது 1988-லும் பின்னது 1982-லும் வேறிடத்துக்குக் குடிபெயர்ந்தன. காலியான கூட்டில்தான் கலை குடியேறியது. படிக்கிற பிள்ளையைக் கிளப்பிவிட்டுச் சித்திரம் மாட்டுவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். ரவிவர்மா எழுதிய சித்திரமானாலும் சரி.

அப்புறம், யாருக்கு விடுவது? எங்கள் உடன்குடியை அடுத்த குலசேகரன்பட்டினத்தில் தசராவுக்கு வேஷம் கட்டுகிறவர்கள் ஆயிரமாயிரம் பேர். காளி, ராஜா, குரங்கு என்று ஊர் ஊராய்ப் போய்க் காணிக்கை வாங்குவார்கள். இவர்களுடைய பாட்டன்மாரில் எத்தனை பேர் பள்ளிக்கூடத்து வாசற்படி ஏறியிருப்பார்கள்? பதநீர்க் காலம் வந்துவிட்டால் பனையேறியின் பிள்ளை விடிலியில் கருப்பட்டி அடுப்புக்குத் தீ தள்ளிக்கொண்டிருக்கும். வாத்தியார் ஆஜர்ப் பட்டியலில் கோடு போட்டுவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிடுவார்.

அந்தக் கதவை மறுபடி திறக்கும்போது, பட்டணத்து வித்வானை வரவழைத்து, டிக்கட்டும் வைத்து, இந்தப் பேரன்மாரை வேலிக்கு வெளியே நிற்க வைக்கலாமா? வேஷக்காரருக்கும் வில்லுப்பாட்டுக்காரருக்கும் முதல் சாவியைக் கொடுங்கள். கரும்பலகையை மட்டும் கழற்றிவிடாதீர்கள். வில்லுக்காரர் சின்னப் பையன்களுக்குப் பாட்டின் அடிகளை எழுதிக் காட்ட வேண்டியிருக்கும்.