தங்கம் அந்த ஐந்தில் இல்லையே

சாம்பியன் ரீஃபில் பிறந்தவன் நான். கோலார் தங்கவயலிலேயே பி.காம். பிள்ளைகளுக்குப் பன்னாட்டு வணிகம் நடத்துகிறேன். எஃப்.ஓ.பி. விலை, சி.ஐ.எஃப். விலை, எல்.சி. எல்லாம் சொல்லித்தருகிறேன். விடிகாலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகப்போகிறவர்களுக்கு அது வேண்டும்தான். எதை விற்கலாம், எதை விற்கக் கூடாது என்பது மட்டும் பாடத்திட்டத்தில் இல்லை.

புத்தர் சொல்லியிருக்கிறார்: ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு ஆகிய ஐந்தின் வியாபாரமும் இல்லறத்தாருக்கு ஆகாது. எங்கள் ஊருக்குப் புத்தரின் சொல் புதிதல்ல. அயோத்திதாசரின் பௌத்த சங்கம் இங்கே மாரிக்குப்பத்தில் கிளைவிட்டபோது அதைத் தாங்கியவர்கள் சுரங்கத் தொழிலாளர்கள்.

வகுப்பில் இதைச் சொன்னபோது, "சார், தங்கம் அந்த ஐந்தில் இல்லையே?" என்றாள் ஒரு மாணவி. இல்லைதான். ஆனால் அதைப் பிரிக்கச் சயனைடு வேண்டியிருந்தது. சுரங்கத்தை நடத்திய ஜான் டெய்லர் கம்பெனியின் காலத்தில் லாபம் லண்டன் பங்குதாரர்களுக்குப் போனது. கல்தூசி இங்கே நுரையீரல்களில் தங்கியது. 2001இல் சுரங்கத்தை மூடினார்கள். சயனைடு மேடுகள் நிற்கின்றன. காற்றடித்தால் காயப்போட்ட துணியெல்லாம் மணல். சரக்கு மட்டுமல்ல, அது வந்த வழியும் வியாபாரியின் கணக்கில்தான் சேரும் என்பது என் உறுதியான எண்ணம்.

அதனால் ஏற்றுமதி விலைத்தாளில் ஒரு வரி கூட்டியிருக்கிறேன்: சரக்கு போனபின் ஊரில் என்ன மிஞ்சும்? அதற்கு மதிப்பெண் கிடையாது, ஆனால் எழுதாத தாளை நான் வாங்குவதில்லை.