களையும் கணக்கும்

கதை எழுதுகிறவனுக்கு வில்லனைப் படைப்பது சுலபமான காரியம். முதல் அத்தியாயத்தில் அவனை வெளியூரிலிருந்து கொண்டுவந்து இறக்கிவிட்டால் போதும். மற்றதையெல்லாம் வாசகர்களே ஊகித்துக்கொள்வார்கள். கடைசி அத்தியாயத்தில் அவன் ஒழிந்தால் ஊர் பிழைக்கும். ஆனால் கொஞ்சம் நின்று யோசிக்கும் எழுத்தாளனாக இருந்தால், நடுவிலே ஒரு கேள்வியைப் போட்டுவிடுவான்: ‘இவனை இந்த ஊருக்கு அழைத்து வந்தது யார்?’ அந்தக் கேள்வி பிறந்த பிறகு கதை அவ்வளவு எளிதில் முடிவதில்லை.

சீமைக் கருவேல மரத்துக்கு எதிராக எழும் கோபக் குரல்களைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்விதான் நினைவுக்கு வருகிறது.

இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் வட்டாரங்களில் பயணம் செய்தவர்களுக்கு அந்த மரத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கண்மாய்க்குள் அது, வரத்துக்காலில் அது, தரிசாய்ப் போன புன்செய்யில் அது. கோடையில் மற்றச் செடிகொடிகள் காய்ந்து கருகிக் கிடக்கும்போது அது மட்டும் பச்சைப் பசேலென்று நிற்கிறது. பிறந்த இடம் மெக்ஸிகோவும் மத்திய அமெரிக்காவும் அவற்றை அடுத்த பகுதிகளும். 1877-ல், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த கடப்பை மாவட்டத்தில், ஜமைக்காவிலிருந்து விதை வரவழைத்து நட்டார்கள். அடுப்பெரிக்க விறகு வேண்டும், வறண்ட பூமி பசுமையாக வேண்டும் என்ற நல்லெண்ணம்தான் காரணம். அதன் இனிப்பான காயை ஆடு மாடுகள் தின்றன. சாணத்தோடு விதையை ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் போட்டன. கேட்ட வரத்தை அந்த மரம் அளவுக்கு மீறிக் கொடுத்துவிட்டது. அவ்வளவுதான் அதன் குற்றம்.

குற்றத்தின் விளைவு சிறியதன்று. அது அடர்ந்த இடத்தில் புல்லும் பூண்டும் ஒதுங்கிவிடுகின்றன. மேய்ச்சல் நிலம் முள்காடாகிறது. நீர் வரும் வழி அடைபடுகிறது. 2017-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்றும்படி உத்தரவிட்டது. அதே ஆண்டில் அதற்கு இடைக்காலத் தடையும் வந்தது. 2022-ல் தமிழக அரசு அயல் தாவரங்களைக் களைந்து காடுகளை மீட்பது குறித்துக் கொள்கை ஒன்றையே வெளியிட்டது. ஒரு மரத்தின் பொருட்டு நீதிமன்றமும் அரசும் இவ்வளவு யோசிக்க வேண்டியிருந்தது என்றால், விஷயம் கோடரியோடு முடிகிற விஷயம் அல்ல என்றுதானே பொருள்?

இப்போது இந்த விவகாரத்தில் ஒரு புதிய கணக்குப்பிள்ளை வந்து உட்கார்ந்திருக்கிறார். அவர்தான் கம்ப்யூட்டர். அயலிலிருந்து வந்து பரவும் செடிகளையும் பிராணிகளையும் தேடிக் குறித்து, பின்தொடர்ந்து, களைவதற்கென்றே உலகெங்கும் மென்பொருள்கள் எழுதுகிறார்கள். அமெரிக்காவில் ஜார்ஜியா பல்கலைக்கழகம் 2005-ல் தொடங்கிய ‘எட்மேப்ஸ்’ அவற்றுள் ஒன்று. வழியில் போகிற சாதாரண மனிதர் ஒரு செடியைக் காண்கிறார். செல்போனில் படம் எடுத்து அனுப்புகிறார். இடமும் நாளும் அதோடு சேர்ந்து பதிவாகின்றன. விஷயம் தெரிந்தவர் ஒருவர் சரிபார்த்த பிறகு வரைபடத்தில் ஒரு புள்ளி விழுகிறது. நம் நாட்டுப் புலிக் காப்பகங்களில் 2010-ல் ‘எம்-ஸ்டிரைப்ஸ்’ என்ற ஏற்பாடு வந்தது. வனக் காவலர் நடக்கும் பாதையும் அவர் காணும் தடயங்களும் அதில் ஏறுகின்றன. புலிகளைக் கணக்கெடுக்கப் போகிறவர்கள் அயல் செடிகளையும் குறித்துக்கொள்கிறார்கள். புலிக் கணக்கெடுப்பில் திரண்ட குறிப்புகளைக் கொண்டு 2020-ல் வெளியான ஓர் ஆய்வு, புலிகள் வாழும் நிலப்பரப்பில் ஏறத்தாழ 40 விழுக்காட்டை உண்ணிச்செடி பிடித்துக்கொண்டுவிட்டது என்று சொல்லிற்று. அழகுக்காகத் தோட்டத்தில் வளர்க்கக் கொண்டுவந்த செடி அது!

இந்தக் கணக்கு வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முள்மரத்தை இளையதாக இருக்கும்போதே களைந்துவிட வேண்டும், முற்றவிட்டால் களைகிறவன் கையையே அது வருத்தும் என்பது வள்ளுவர் நமக்குச் சொல்லிவைத்த அறிவுரை. மென்பொருள் எழுதுகிறவர்களின் மூல மந்திரமும் இதுதான். பத்துச் செடியாக இருக்கும்போது ஒருவன் ஒரு மாலைப் பொழுதில் பிடுங்கிவிடலாம். பத்தாயிரம் ஏக்கரான பிறகு அரசாங்கமே திணறும். சீக்கிரம் கண்டுபிடிக்கக் கண்கள் பல வேண்டும். பல கண்கள் கண்டதை ஒன்று சேர்க்க இயந்திரம் வேண்டும்.

ஆனால் ஒரு வேறுபாட்டை மறந்துவிடக் கூடாது. வள்ளுவர் பகைவனைப் பற்றிப் பேச முள்மரத்தை உவமையாக எடுத்துக்கொண்டார். நாமோ முள்மரத்தைப் பற்றிப் பேசப் பகைவனை உவமையாக எடுத்துக்கொள்கிறோம். ‘ஆக்கிரமிப்பு’ என்கிறோம், ‘படையெடுப்பு’ என்கிறோம், ‘அந்நியன்’ என்கிறோம். உவமை நாளடைவில் தீர்ப்பாகிவிடுகிறது.

வெளியிலிருந்து வந்ததே குற்றம் என்றால் நம் வீட்டுச் சமையலறை தாங்காது. மிளகாயும் தக்காளியும் உருளைக்கிழங்கும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. இன்று ரசத்தைத் தமிழனுடையது அல்ல என்று யார் சொல்வார்கள்? 2023-ல் பல நாட்டு விஞ்ஞானிகள் கூடி வெளியிட்ட அறிக்கை ஒன்று, மனிதனால் இடம் பெயர்ந்து புது மண்ணில் நிலைத்துவிட்ட உயிரினங்கள் 37,000-க்கு மேல் என்றும், அவற்றில் தீங்கு செய்பவை 3,500-க்கு மேல் என்றும் கூறியது. ஏறக்குறைய பத்தில் ஒன்று. ஆகவே ‘நீ எங்கே பிறந்தாய்?’ என்ற கேள்வி போதாது. ‘இங்கே என்ன செய்கிறாய்?’ என்ற கேள்விதான் நியாயமானது. ஆனால் முதல் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் எழுதிவிடலாம். இரண்டாவதற்குப் பல வருஷம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டரின் கட்டத்துக்குள் எது சுலபமாக அடங்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இங்கேதான் விஷயத்தின் உயிர்நிலை இருக்கிறது என்று நினைக்கிறேன். எந்தக் கணக்கேட்டுக்கும் சில கட்டங்கள் உண்டு. இனம், இடம், பரப்பு, அடர்த்தி, எடுத்த நடவடிக்கை. கட்டம் இருக்கிற கேள்வி கேட்கப்படும். கட்டம் இல்லாத கேள்வி இந்த உலகத்தில் இல்லாததாகிவிடும். அந்த இராமநாதபுரத்துச் சீமைக் கருவேல மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதை வெட்டி, மூட்டம் போட்டு, கரி எடுத்து விற்றுத்தான் எத்தனையோ ஏழைக் குடும்பங்கள் அடுப்பு மூட்டுகின்றன. மழை பொய்த்த வருஷத்தில் நெல் கைவிட்டது. அந்த மரம் கைவிடவில்லை. ‘இதை நம்பி வாழ்கிறவர் யார்?’ என்று கேட்கும் கட்டம் அந்த ஏட்டில் உண்டா? இல்லையென்றால், பொக்லைன் வந்து நிற்கும்போது கரிமூட்டக்காரனுக்கு வாய் இருந்தும் பேச இடம் இல்லை.

அவனுக்காக மரத்தை விட்டுவிட வேண்டும் என்று நான் வாதாடவில்லை. அந்த மரத்தால் மேய்ச்சலை இழந்த இடையனும் ஏழைதான். இருவரில் ஒருவனை மட்டும் கணக்கில் சேர்த்துவிட்டு, ‘கணக்கு இப்படிச் சொல்கிறது’ என்று நாம் கையைக் கழுவிக்கொள்ளக் கூடாது என்றுதான் சொல்கிறேன். கணக்கு எதுவும் சொல்லவில்லை. கட்டம் வகுத்த மனிதன் சொன்னான். அவன் குரல் கணக்கின் குரலாகக் கேட்கிறது.

தவறான புள்ளிக்கும் விலை உண்டு. நம் நாட்டுக் கருவேலம் வேறு, சீமைக் கருவேலம் வேறு. அவசரக்காரன் ஒருவன் முள்ளைப் பார்த்து மயங்கி முன்னதைப் பின்னதென்று பதிந்துவிட்டால், குற்றமற்ற மரம் தண்டனை பெறும். வேடிக்கை என்னவென்றால், தாவர நூலார் சீமைக் கருவேலத்தை நெடுங்காலம் ஒரே பேரினத்தில் சேர்த்து வைத்திருந்தது நம் கோயில்களில் தலவிருட்சமாக நிற்கும் வன்னி மரத்தோடு! பெயரில் நம் கருவேலத்துக்கு உறவு; பிறப்பில் வன்னிக்கு உறவு. உறவு இப்படிச் சிக்கலாக இருக்கும்போது, புள்ளி வைக்கிற விரல் சற்றுத் தயங்கினால் தவறில்லை.

நல்ல மென்பொருளில் இந்தத் தயக்கத்துக்கும் இடம் வைத்திருக்கிறார்கள் என்பது மகிழ்ச்சிக்குரியது. படம் இல்லாமல் நம்புவதில்லை, சரிபார்க்காமல் வெளியிடுவதில்லை. இன்னொன்றும் உண்டு. ‘தேடினேன், காணவில்லை’ என்பதையும் பதியச் சொல்கிறார்கள். ஏனென்றால் புள்ளி இல்லாத இடமெல்லாம் செடி இல்லாத இடமன்று. மனிதன் போகாத இடமாகவும் இருக்கலாம். சாலையோரத்தில் மட்டும் நடக்கிறவர்களின் குறிப்பைப் பார்த்தால் செடிகள் எல்லாம் சாலையோரத்திலேயே வாழ்வதாகத் தோன்றும். ‘பார்க்கவில்லை’ என்பதற்கும் ‘இல்லை’ என்பதற்கும் உள்ள தூரத்தை ஓர் இயந்திரத்துக்குக் கற்பித்திருக்கிறார்கள். மனிதர்களைப் பற்றி வம்பு பேசும்போது நாம் அந்த அளவு நேர்மை காட்டுகிறோமா?

கடைசியாக ஒரு சொல்: ‘அகற்றப்பட்டது’. இந்தச் சொல் ஏறியதும் அதிகாரியின் மனத்தில் ஒரு நிம்மதி வருகிறது. ஆனால் சீமைக் கருவேலத்தை மேலே வெட்டினால் தூரிலிருந்து மறுபடி தழைக்கும். தூரோடு பறித்தாலும் மண்ணில் விதை காத்துக்கொண்டிருக்கும். அடுத்த மழைக்கும் அதற்கடுத்த மழைக்கும் திரும்பி வந்து பார்த்தால்தான் அந்தச் சொல் உண்மையாகும். பகைவனாக நினைத்தவன் ஒருநாள் போரிட்டு வெற்றி முழக்கமிட்டுப் போய்விடுவான். கடன்பட்டவனாக நினைத்தவன்தான் தவணை தவறாமல் வருவான். நாம் அந்த மரத்துக்குப் பகைவர்கள் அல்ல. நம் முன்னோர் அழைத்து வந்த விருந்தாளியால் இந்த மண்ணுக்கும், அதிலே மேய்ந்த ஆட்டுக்கும், அதிலே ஓடிய தண்ணீருக்கும் நேர்ந்த நஷ்டத்தை அடைக்க வேண்டிய கடனாளிகள்.

நாம் இப்படி யோசித்துக்கொண்டிருக்கும்போதே அது வளர்கிறதே என்று கேட்பீர்கள். கேட்பது சரி. தாமதமும் ஒரு செயல்தான். அதற்கும் நாம் பொறுப்பு. ஆகவே களையத்தான் வேண்டும். நீலகிரிப் பக்கத்துப் பழங்குடி மக்கள் உண்ணிச்செடியின் தண்டுகளை வளைத்து யானை உருவங்கள் செய்தார்கள். 2021-ல் அந்த யானைகள் லண்டன் பூங்காக்களில் போய் நின்றன. களைகிறவனின் கூலியையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு களைய முடியும் என்பதற்கு அது ஓர் அடையாளம்.

ஏடு எழுதுகிறவர்களிடம் எனக்கு இருக்கும் விண்ணப்பம் ஒன்றுதான். எத்தனை கட்டங்கள் வேண்டுமானாலும் வகுத்துக்கொள்ளுங்கள். இன்னும் இரண்டு சேருங்கள். ‘இது போனால் யாருக்கு என்ன கொடுப்போம்?’ என்பது ஒன்று. ‘மறுபடி எப்போது வந்து பார்ப்போம்?’ என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் இயந்திரம் தானாக நிரப்பாது. யாராவது ஒரு மனிதர் தம் பெயரைப் போட்டு நிரப்ப வேண்டும்.