நிகழ்ந்தது நிகழாததாகுமா?

நிகழ்ந்த ஒன்றை நிகழாத ஒன்றாக ஆக்க முடியுமா? மனிதச் சிந்தனையில் எழுந்த மிகப் பழைய வினாக்களுள் இதுவும் ஒன்று. செய்து முடிந்ததைச் செய்யாததாக மாற்றும் ஆற்றல் மட்டும் கடவுளுக்கும் இல்லை என்னும் கிரேக்கர் கருத்தை அரிஸ்டாட்டில் தம் அறநூலில் உடன்பாட்டோடு எடுத்துக் காட்டுகிறார். ஆயினும், மனிதர் அமைத்த கழகங்களும் அலுவலகங்களும் அச்செயலைச் செய்துவிட்டதாக அவ்வப்போது அறிவித்துக்கொண்டுதான் இருக்கின்றன. அந்த அறிவிப்பு எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பது ஆராயத்தக்கது. ஆசிய மகளிர் காற்பந்து வரலாற்றில் இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற நிகழ்ச்சி ஒன்று உண்டு.

2022ஆம் ஆண்டு ஜனவரி 20 முதல் பிப்ரவரி 6 வரை மகளிர் ஆசியக் கிண்ணப் போட்டி இந்தியாவில் மும்பை, நவி மும்பை, புனே ஆகிய நகரங்களில் நடைபெற்றது. பன்னிரண்டு நாடுகள் கலந்துகொண்டன. அடுத்த ஆண்டின் உலகக் கிண்ணத்திற்குச் செல்லும் வாயிலும் அதுவே. முதல் நாளன்று இந்தியாவும் ஈரானும் மோதின. இந்திய அணியில் இந்துமதி கதிரேசன், சந்தியா ரங்கநாதன், மாரியம்மாள் பாலமுருகன் முதலிய தமிழ்நாட்டு மகளிரும் இடம்பெற்றிருந்தனர். ஈரானிய மகளிருக்கோ அதுவே ஆசியக் கிண்ணத்தில் முதல் ஆட்டம். 2011இல் தலைத்துணி அணிந்த காரணத்தால் ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் ஆட்டம் மறுக்கப்பட்ட நாட்டினர் அவர்கள். அன்று எந்த அணியும் கோல் அடிக்கவில்லை. ஆட்டம் சமநிலையில் முடிந்தது. ஈரான் தன் முதற் புள்ளியைப் பெற்றது.

மூன்று நாள் கழித்து இந்தியா சீனத் தைப்பேயை எதிர்த்து ஆடவேண்டியிருந்தது. அதற்குள் கொரோனா நோய் இந்திய அணிக்குள் பரவிவிட்டது. ஆட்டத்திற்குக் குறைந்தது பதின்மூன்று பேர் ஆயத்தமாக இருத்தல் வேண்டும் என்பது விதி. அத்தனை பேர் இல்லை. ஆகவே இந்தியா போட்டியிலிருந்து விலகியதாகவே கருதப்பட்டது. அது முன்னர் ஆடிய ஆட்டமும் செல்லாததாக்கப்பட்டது. பின்னர் ஈரான் சீனாவிடம் ஏழு கோல்களும் சீனத் தைப்பேயிடம் ஐந்து கோல்களும் வாங்கித் தோற்றது. ஒரு கோலும் விடாமல் அது காத்து நின்ற ஓர் ஆட்டமே பட்டியலிலிருந்து நீங்கியது. தோல்விகள் இரண்டும் நிலைத்தன.

இங்கு அநீதி செய்தவர் யார் என்று தேடினால் எவரும் அகப்படார். விதியை முன்னரே எழுதி வைத்தனர். எல்லா நாடுகளும் அதனை ஏற்றே வந்தன. நீக்கியதற்கு நியாயமும் உண்டு. அப்பிரிவிலிருந்த சீனாவும் சீனத் தைப்பேயும் இந்தியாவோடு ஆடும் வாய்ப்பை இழந்துவிட்டன. ஈரானுக்கு மட்டும் அந்தப் புள்ளியை விட்டுவைத்தால் துலாக்கோல் ஒருபக்கம் சாயும். எல்லாரையும் ஒரே அளவினால் அளக்கவேண்டுமாயின் அளவில் சேராததை நீக்கத்தான் வேண்டும். எனவே புள்ளியை நீக்கியது முறையே எனலாம்.

தமிழில் விதி என்னும் சொல் சட்டத்தையும் குறிக்கும், ஊழையும் குறிக்கும். இந்திய மகளிர்க்கு நேர்ந்ததில் இரண்டும் ஒன்றாக வந்து சேர்ந்தன. நோய் ஊழாக வந்தது. தீர்ப்பு சட்டமாக வந்தது. இரண்டிற்கும் ஒரே பெயர் இருப்பதனால், இரண்டையும் ஒரே மனநிலையோடு ஏற்றுக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் உண்டு. “விதி, என்ன செய்வது?” என்று சொல்லி அமைகிறோம். ஆனால் ஊழை மனிதர் எழுதவில்லை. சட்டத்தை மனிதரே எழுதினர். மனிதர் எழுதியதை, அது எவ்வளவு நேர்மையானதாயினும், எதுவரை செல்லும் என்று கேட்கும் உரிமை மனிதர்க்கு உண்டு.

அவ்வாறு கேட்டால் ஓர் எல்லை தெளிவாகப் புலப்படும். ஓர் ஆட்டத்தின் பயனைத் திரும்பப் பெறச் சட்டத்தால் இயலும். புள்ளி, தரவரிசை, பரிசு ஆகியவை சட்டம் கொடுத்தவை. கொடுத்ததை எடுத்துக்கொள்ளவும் அதற்கு உரிமை உண்டு. ஆட்டத்தையோ சட்டம் கொடுக்கவில்லை. தொண்ணூறு நிமிடம் ஓடிய கால்களும், பாய்ந்து பந்தைத் தடுத்த கைகளும், மைதானத்தில் சிந்திய வியர்வையும் அவர்தம் உடைமைகள். கொடுக்காததை எடுத்துக்கொள்ள எவராலும் ஆகாது. “கணக்கில் சேராது” என்பது நேர்மையான சொல். “நடைபெறவில்லை” என்பது பொய். இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை மறப்பதிலேதான் தீங்கு தொடங்குகிறது.

செபராங் பிறையின் தோட்டப்புறங்களில் வாழ்ந்தோர்க்கு இவ்வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை. விடியுமுன் எழுந்து மரம் மரமாகச் சென்று பால் வெட்டியிருப்பார்கள். கோப்பைகள் நிறையும் வேளையில் பெருமழை பெய்து பாலெல்லாம் கரைந்தோடும். நிறுவைக்குக் கொண்டுசெல்ல ஒன்றும் இராது. ஆயினும் அன்று மரம் வெட்டப்படவில்லை என்று எவரும் சொல்லமாட்டார். பட்டையில் வெட்டின் தடம் இருக்கும். வெட்டிய கையில் நோவு இருக்கும். நிறுவைக்கோல் காட்டுவது பாலின் எடையை மட்டுமே. உழைப்பின் எடையை அது காட்டுவதில்லை.

மகளிர் காற்பந்தின் வரலாறோ பெரும்பாலும் இவ்வாறு மழையில் கரைந்த வரலாறே. 1920ஆம் ஆண்டு டிசம்பரில் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் மகளிர் ஆடிய ஓர் ஆட்டத்தைக் காண ஏறத்தாழ 53,000 பேர் திரண்டனர். மறு ஆண்டே அந்நாட்டுக் காற்பந்துக் கழகம் தன் உறுப்புக் கழகங்களின் திடல்களில் மகளிர் ஆடக்கூடாதெனத் தடை விதித்தது. அத்தடை ஏறத்தாழ அரை நூற்றாண்டு நிலைத்தது. 1971இல் மெக்சிகோ நகரின் அஸ்டெக்கா அரங்கில் டென்மார்க்கும் மெக்சிகோவும் மோதிய மகளிர் இறுதி ஆட்டத்தை ஒரு லட்சம் பேருக்கு மேல் கண்டனர். உலகக் காற்பந்துக் கழகம் அப்போட்டியை ஏற்கவில்லை. அதன் பட்டியலில் மகளிர் உலகக் கிண்ணம் 1991ஆம் ஆண்டு சீனாவில்தான் பிறக்கிறது.

ஆசியாவிலும் நிலைமை பெரிதும் வேறன்று. 1968இல் ஆசிய மகளிர் காற்பந்துக் கூட்டமைப்பு தோன்றியபோது அதனைத் தோற்றுவித்த நாடுகளுள் மலேசியாவும் ஒன்று. ஆடவர் கழகங்களின் அரவணைப்பின்றி அது 1986 வரை தனித்தே இயங்கியது. 1975இல் ஹாங்காங்கில் நடைபெற்ற முதல் ஆசியப் போட்டியில் மலேசிய மகளிர் நான்காம் இடம் பெற்றனர். 1983இல் பாங்காக்கில் தாய்லாந்து முதலிடமும் இந்தியா இரண்டாம் இடமும் பெற, மலேசியா மூன்றாம் இடத்தில் நின்றது. ஆசியாவில் மூன்றாம் இடம் என்பது சிறிய சாதனையன்று. எனினும் ஜார்ஜ் டவுன் வீதிகளிலும் பிறையின் தொழிற்பேட்டைகளிலும் அம்மகளிருள் ஒருவர் பெயரையேனும் சொல்லக்கூடியவர் எத்தனை பேர் இருப்பர்? அவர்களின் ஆட்டத்தை எந்தச் சட்டமும் அழிக்கவில்லை. மறதியே அழித்தது. சட்டம் அழிப்பதற்காவது ஒரு காரணம் காட்டுகிறது. மறதி காரணமும் காட்டுவதில்லை.

இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம். எவரும் நினையாத செயல் நிகழ்ந்தாலென்ன, நிகழாவிட்டாலென்ன? நினைவில்லாத இடத்தில் செயலும் இல்லை அன்றோ எனக் கேட்போர் உண்டு. இக்கூற்றை ஏற்றால் உலகத்து உழைப்பில் பெரும்பகுதியை இல்லையென்றே தள்ளவேண்டியிருக்கும். தாய் ஊட்டிய முதற் கவளத்தை நினைவில் வைத்திருக்கும் பிள்ளை எவனும் இல்லை. அதனால் அவன் ஊட்டப்படாதவன் ஆவானா? அவன் வளர்ந்து நிற்பதே சான்று. 1975இலும் 1983இலும் ஆடியவர்களின் பெயர் மறந்துபோயிருக்கலாம். ஆனால் இன்று ஒரு தமிழ்ப்பள்ளித் திடலில் சிறுமி ஒருத்தி பந்தோடு இறங்கும்போது, அவளைப் பார்த்து ஊர் வியப்பதில்லை. அவ்வியப்பின்மை யாரோ சிலர் முன்னே ஆடியதன் விளைவு. செயல் தன் பெயரை இழந்தும் பயனாய் வாழ்கிறது. ஆயினும், பயன் வாழ்கிறது என்பதற்காகப் பெயரை மறக்கலாம் என்பது நன்றியாகாது.

பழந்தமிழர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். ஆநிரை மீட்கச் சென்று மாண்டவனுக்கு நடுகல் எடுத்தனர். கல்லைத் தேர்வது முதல் வாழ்த்துவது வரை அதற்கென நிலைகள் வகுத்து இலக்கணத்திலும் இடம் தந்தனர். அவன் மீட்டு முடித்தானா, முடியுமுன் வீழ்ந்தானா என்பதைக் கொண்டு கல்லை மறுக்கவில்லை. நின்றான் என்பதற்கே கல். வெற்றியைப் பதிவது பட்டியலின் தொழில். நின்றதைப் பதிவது நினைவின் தொழில். ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்துவிடும் என்று எண்ணலாகாது.

ஆசிரியப் பணியில் இருப்போர்க்கும் பயில்வோர்க்கும் இச்சிந்தனை அயலானதன்று. தேர்வுநாளில் நோயுற்ற மாணவிக்குச் சான்றிதழில் மதிப்பெண் இராது. விதிப்படி அது சரியே. தேர்வு எழுதாதவளுக்கு மதிப்பெண் இடுதல் எழுதியவர்க்கு இழைக்கும் அநீதி. ஆனால் அவள் ஆண்டு முழுதும் கற்றதைக் கண்டவர் ஆசிரியர். “நீ எழுதவில்லை, ஆனால் நீ கற்றாய், நான் அறிவேன்” என்று சொல்லும் கடமை சான்றிதழுக்கு இல்லை, ஆசிரியருக்கு உண்டு. விதியை மீறாமலே உண்மையைக் காக்கும் வழி அதுவே. விதிக்குப் பணிந்து உண்மையை மறைப்பதும், உண்மையின் பெயரால் விதியை உடைப்பதும் அறமாகா.

2025ஆம் ஆண்டு ஜூலையில் இந்திய மகளிர் தாய்லாந்தை அதன் மண்ணிலேயே 2-1 என்று வென்று, 2026ஆம் ஆண்டு ஆசியக் கிண்ணத்திற்குத் தகுதி பெற்றனர். தகுதிச் சுற்றில் வென்று இந்தியா அவ்வாய்ப்பைப் பெற்றது அதுவே முதன்முறை. ஈரானிய மகளிரும் அப்போட்டிக்குத் தகுதி பெற்றனர். நீக்கப்பட்ட அந்த ஆட்டத்தில் அவர்கள் பெற்ற துணிவு எந்தப் பட்டியலிலும் இல்லை, கால்களில் இருந்திருக்கலாம்.

பிறை என்னும் ஊர்ப்பெயரைத் தமிழர் எழுதும்போது இளநிலவும் நினைவுக்கு வருகிறது. பிறையில் ஒளிபெற்ற கீற்றையே கண் காண்கிறது. ஒளிபெறாத பகுதியும் அங்கேயே இருக்கிறது. அதுவும் சேர்ந்தே நிலவு. பட்டியல் காட்டுவது கீற்றை. முழுமையை அறிந்து வைத்திருப்பது மனிதரின் பொறுப்பு.